தேவன் அண்ணாவின் மஸ்டாங்கும் நான் போட்ட கணக்கும்

கொஞ்ச நாளாக இங்கே எதுவும் எழுதவில்லை. முதலில் பரீட்சை, பிறகு பகுதிநேர வேலை, அதற்குப் பிறகு வெறும் சோம்பல். போனமுறை பணவீக்கம் பற்றி எழுதி மூன்று பேரைத் தூங்கவைத்ததாக வகுப்பு நண்பன் ஒருவன் சொன்னான். ஆகவே இந்தமுறை கார். இதிலும் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். (எனக்குச் சில்லு, ரயர், மட்காட் என்றுதான் எழுத வரும். சக்கரம், டயர், மட்கார்டு என்று எழுதும் தமிழகத்து நண்பர்கள் தாங்களே மாற்றி வாசிக்கவும்.)

தேவன் அண்ணா என் பெரியம்மாவின் மகன். ஸ்காபரோவில் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கிறார். தொழிற்சாலையில் இரவு வேலை. அவரிடம் 1996ஆம் ஆண்டு ஃபோர்ட் மஸ்டாங் ஜிரி ஒன்று இருக்கிறது. 4.6 லீற்றர் வி8 எஞ்சின். என்னைவிட வயதில் மூத்த கார். பெரியம்மா அதற்கு வைத்திருக்கும் பெயர் "அந்தச் சனியன்". மஸ்டாங்கை மசில் கார் என்று சொல்லக்கூடாது, போனி கார் என்றுதான் சொல்லவேண்டும் என்று சண்டைக்கு வரும் ஆட்கள் உண்டு. அவர்களோடு வாதாட எனக்கு நேரமில்லை. சத்தத்தைக் கேட்டால் மசில் கார்தான்.

அண்ணா இந்தக் காரை ஓட்டோகுரொஸ் ஓட வைத்திருக்கிறார். ஒன்ராறியோவில் இதை ஓட்டோஸ்லாலம் என்பார்கள். ஒரு பெரிய வாகனத் தரிப்பிடத்தைக் காலிசெய்து, செம்மஞ்சள் கோன்களை அடுக்கிப் பாதை போட்டிருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் நேரத்தை எதிர்த்து ஓடும். ஒரு ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடம். வேகமும் நெடுஞ்சாலை வேகத்தைத் தாண்டாது. கோனைத் தட்டினால் இரண்டு செக்கன் தண்டம். இந்த விளையாட்டுக்கு மியாட்டா மாதிரிச் சின்னக் கார்கள்தான் பொருத்தம். அண்ணா மஸ்டாங்கோடு போவது வாழைத்தோட்டத்துக்குள் யானையைக் கூட்டிக்கொண்டு போவது மாதிரி. ஆனால் அந்த யானை சரியாகத் திரும்பும் நாளில் பார்க்கவேண்டும்!

இப்போது பின் அக்சில் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இந்த மஸ்டாங்கின் பின் அக்சில் லொறி அக்சில் மாதிரி ஒரே துண்டு. இரண்டு சில்லையும் இணைக்கும் இரும்புக் குழாய், நடுவே டிஃபரன்ஷல். ஒரு சில்லு பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சேர்ந்து சரியும். ஃபோர்ட் இந்த அமைப்பை 2014 வரை விடவில்லை. நடுவே 1999 முதல் 2004 வரை வந்த கோப்றா மட்டும் விதிவிலக்கு. 2015 மாதிரியில்தான் எல்லா மஸ்டாங்குக்கும் தனித்தனியே அசையும் பின் சில்லுகள் வந்தன. எங்கள் காரில் அக்சிலை நான்கு கைகள் பிடித்திருக்கின்றன. கீழே இரண்டு, மேலே இரண்டு. மேல் கைகள் சரிவாக நிற்கும். அக்சில் இடம் வலமாக நகராமல் பார்ப்பது அவைதான். அந்தக் கைகளின் முனையில் இருப்பது இறப்பர் புஷ். இறப்பர் பழசானால் கார் உடம்பு ஒரு பக்கமும் அக்சில் ஒரு பக்கமும் போகப் பார்க்கும். இதை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

கடந்த குளிர்காலம் அண்ணா கேட்டார்: "தம்பி, அகலமான சில்லுப் போட்டா பின்பக்கம் இன்னும் பிடிக்கும். எந்த அளவு உரசாமல் இருக்குமெண்டு ஒருக்காக் கணக்குப் பார்த்துச் சொல்லு." சொந்தக்காரருக்குள் எனக்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர். பி.கொம். படிப்பவனுக்கு வரி விண்ணப்பம், வீட்டுக்கடன் வட்டி, கார்ச் சில்லு எல்லாம் ஒன்றுதான் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை.

கணக்கு இதுதான். பழைய சில்லு 17 அங்குல உயரம், 8 அங்குல அகலம், ஓஃப்செட் 30. ரயர் 245/45. நாங்கள் வாங்க நினைத்தது 9 அங்குல அகலம், ஓஃப்செட் 24. ரயர் 275/40. ஓஃப்செட் என்பது சில்லின் நடுக்கோட்டிலிருந்து, போல்ட் பூட்டும் முகம் எத்தனை மில்லிமீற்றர் வெளிப்பக்கமாக இருக்கிறது என்ற இலக்கம். இலக்கம் குறையக் குறையச் சில்லு வெளியே தள்ளும். ஆகவே ஓஃப்செட்டால் 6 மி.மீ. வெளியே வருகிறது. ரயரின் அகலம் 30 மி.மீ. கூடுகிறது, அதில் பாதி 15. கூட்டினால் வெளிப்பக்கம் 21 மி.மீ. கூடுகிறது. உள்பக்கம் 15இல் 6 போக 9 மி.மீ. கூடுகிறது. உயரத்தைப் பார்த்தால் பழைய ரயர் 652 மி.மீ., புதியதும் 652தான். 1996 மஸ்டாங்கில் இந்த அளவை ஏராளமானவர்கள் உரசல் இல்லாமல் போட்டிருக்கிறார்கள். நூலகத்தில் இருந்தபடியே பத்து நிமிடத்தில் முடித்து, "தாராளமாப் போடலாம் அண்ணா" என்று செய்தி அனுப்பினேன்.

காரை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அது பனிக்குள் துணி மூடிக்கிடந்தது.

சில்லுகள் பழையதாக 700 டொலர். நான்கு ரயரும் புதிதாக 1,200. கணக்கு என்னுடையது, காசு அவருடையது.

மே மாதம் முதல் போட்டி. நான் கோன் எடுத்து வைக்கும் வேலைக்குப் போயிருந்தேன். அண்ணாவின் முதல் ஓட்டம். வலப்பக்கம் திரும்பும் இடங்களில் ஒன்றுமில்லை. கடைசியில் ஒரு நீண்ட இடது வளைவு இருந்தது. அதில் கார் சாய்ந்தபோது பின்னாலிருந்து மரம் அரிவது மாதிரி ஒரு சத்தம், பிறகு இறப்பர் எரியும் மணம். வந்து பார்த்தால் வலது பின் ரயரின் வெளித்தோளில் கத்தியால் சீவியது மாதிரி ஒரு வளையம். மட்காட்டின் உள்மடிப்பு பளபளவென்று மினுங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் நின்ற ஒரு கிழவர், மட்காட் மடிப்பைச் சூடாக்கி உள்ளே மடித்துவிடு, எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். அண்ணாவுக்கு அதில் விருப்பமில்லை. மடித்தால் பெயின்ற் வெடிக்கும். ரொறன்ரோவில் குளிர்காலத்தில் தெருவுக்குக் கொட்டும் உப்பு அந்த வெடிப்புக்குள் போனால் இரண்டு வருடத்தில் மட்காட்டே இருக்காது. "காரணம் தெரியாமல் சுத்தியலைத் தூக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு மிச்ச ஓட்டங்களை மெதுவாக ஓடி முடித்தார். வீட்டுக்கு வரும் வழியில் அவரே ஒரு காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டார். "மேல் கைகளின்ர புஷ் போயிருக்கும். முப்பது வருசக் கார். வளைவில அக்சில் பக்கவாட்டா நகர்ந்து மட்காட்டில உரசுது."

நியாயமான சந்தேகம்தான். அன்றிரவு என் கொப்பியில் படம் கீறிப் பார்த்தேன். அப்போதுதான் வயிற்றுக்குள் ஏதோ செய்தது.

கார் இடப்பக்கம் திரும்பும்போது அதன் உடம்பு வலப்பக்கம் போகப் பார்க்கும். நாங்கள் வானுக்குள் இருந்து சாய்வது மாதிரித்தான். ரயர்கள் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் அக்சில் அங்கேயே நிற்கும். புஷ் தளர்ந்திருந்தால் உடம்பு அக்சிலுக்கு மேலே வலப்பக்கமாக நகரும். அதாவது வலது மட்காட் வலது ரயரை விட்டு விலகிப் போகும்! அப்போது உரசவேண்டியது ரயரின் உள்பக்கம், வெளித்தோள் அல்ல. இடது ரயர் தன் மட்காட்டுக்குக் கிட்ட வரும்தான், ஆனால் அந்தப் பக்கம் பாரம் குறைந்து சில்லு கீழே இறங்கியிருக்கும், மடிப்பில் படாது. எங்கள் காரில் உரசியது பாரம் ஏறிய சில்லின் வெளித்தோள். அதற்கு ஒரே அர்த்தம்தான். சில்லு வேண்டிய அளவைவிட வெளியே நிற்கிறது. உடம்பு சாய்ந்து கீழே வந்ததும் மட்காட் அதன் தலையில் உட்காருகிறது.

புஷ்ஷில் பிழையில்லை என்றால் பிழை என் கணக்கில்தான்.

இதை அன்றிரவே அண்ணாவுக்குச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. மூன்று தரம் கணக்கை மறுபடி போட்டேன், மூன்று தரமும் 21தான் வந்தது. பிழை எங்கே என்று கண்டுபிடித்த பிறகு சொல்வோம் என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன். உண்மையில் எனக்கு வெட்கம். அந்த 1,900 டொலரில் எத்தனை இரவு வேலை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர் புஷ்களுக்கு ஓடர் கொடுத்தார். அதுவும் என் கண்முன்னால், "உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். "செய்து பார்க்கலாம்" என்றேன். இப்படி ஒரு வழுக்கல் பதிலை எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

புஷ் வந்து சேரவும் அண்ணாவுக்குச் சனிக்கிழமை லீவு கிடைக்கவும் இரண்டு கிழமை போனது. அந்த இரண்டு கிழமையும் அவர் அதே ரயரில் 401 நெடுஞ்சாலையால் வேலைக்குப் போய்வந்தார்.

அந்தச் சனிக்கிழமை அவர் வீட்டுக் கராஜில் காரை உயர்த்தினோம். தாங்குகால்களை உடம்புக்குக் கீழே வைக்காமல் அக்சிலுக்குக் கீழேயே வைத்தோம். அப்படி வைத்தால்தான் ஸ்பிறிங்கில் பாரம் இருக்கும், சில்லு தெருவில் நிற்கும் உயரத்திலேயே நிற்கும். வலது பின் சில்லைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினேன். சீவிய வளையத்தில் ஒரு சாண் நீளத்துக்கு நூல் தெரிந்தது. ரயருக்குள் இருக்கும் நூல். போட்டிக்குப் பிறகு அது இப்படி இருக்கவில்லை. தெருவில் குழிகளிலும் இடது வளைவுகளிலும் மெல்ல மெல்ல உரசி இந்த நிலைக்கு வந்திருக்கிறது. 110இல் ஓடும்போது அது வெடித்திருந்தால் என்ற நினைப்பை இப்போதும் நான் முழுதாக நினைத்து முடிப்பதில்லை.

அப்போது சொன்னேன். படம் கீறியதை, உரசிய இடம் புஷ்ஷோடு பொருந்தாததை, அன்றிரவே தெரிந்தும் வாய்திறக்காததை. அண்ணா சில்லைச் சுவரில் சாய்த்துவைத்தார். கையைத் துடைத்தார். கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கணக்குப் பிழைச்சா காசு போகும். நீ வாய் திறக்காட்டி ஆள் போகும். விளங்குதோ?" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"சரி, வந்த வேலையைப் பாப்பம்" என்று கீழே படுத்தார். புஷ்ஷும் பழசுதான், வாங்கியாயிற்று, போடத்தான் வேண்டும். அக்சில் பக்கத்துப் பழைய புஷ்களைத் தள்ளி எடுக்கவே மூன்று மணித்தியாலம் போனது. நான் விளக்குப் பிடித்தேன். பிடித்துக்கொண்டிருந்தபோது டிஃபரன்ஷல் மூடியின் போல்ட் ஒன்றுக்குக் கீழே சின்னதாக ஒரு தகடு தெரிந்தது. மூடியில் பத்துப் போல்ட், அதில் ஒன்றில் இந்தத் தகட்டைத் தொழிற்சாலையிலேயே பூட்டி அனுப்புவார்கள். துணியால் துடைத்தேன். "3எல்27" என்று இருந்தது. கியர் விகிதம் 3.27, நடுவே உள்ள எல் இரண்டு சில்லுக்கும் சேர்த்து இழுவை கொடுக்கும் டிஃபரன்ஷல் என்பதற்கு அடையாளம். அதற்குப் பிறகு 88, வளையக் கியரின் விட்டம் 8.8 அங்குலம். பக்கத்தில் தேதிக் குறியீடு. அதன் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம்.

அது 0.

1996 காரின் அக்சிலுக்கு 0 எப்படி வரும்? 1990 ஆக இருக்க முடியாது. அந்த வருட மஸ்டாங்கில் சில்லுக்கு நாலு போல்ட், பின்னால் டிறம் பிறேக். இதில் ஐந்து போல்ட், டிஸ்க் பிறேக். அப்படியென்றால் 2000. காரை அண்ணாவுக்கு முன் வைத்திருந்த யாரோ, பழைய கார் உடைக்கும் இடத்தில் பிந்திய மஸ்டாங்கின் அக்சிலை வாங்கிப் பூட்டியிருக்கிறார்கள். போல்ட் துளைகள் எல்லாம் அப்படியே பொருந்தும், அதனால் கீழே படுத்துப் பார்த்தாலும் தெரியாது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. 1999 முதல் 2004 வரையான அக்சில் 1994 முதல் 1998 வரையானதைவிட ஒன்றரை அங்குலம் அகலம். பக்கத்துக்கு முக்கால் அங்குலம், 19 மி.மீ.

மற்றச் சில்லையும் கழற்றி, றோட்டர் முகத்திலிருந்து றோட்டர் முகம் வரை அளந்தோம். இருக்கவேண்டியதைவிட 38 மி.மீ. கூட. நான் கூட்டிய 21, யாரோ கூட்டிய 19. ரயர் போட்டவர்கள் எல்லாருக்கும் 21 சரிவந்தது. எங்களுக்கு 40 ஆகிவிட்டது.

வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன், எனக்கு அப்போது முதலில் வந்தது சந்தோஷம். என் கணக்குச் சரி! அண்ணா என் முகத்தைப் பார்த்துவிட்டார். "ஓம், கணக்குச் சரி. கார்தான் பிழை" என்று சுவரில் சாய்ந்திருந்த ரயரைக் காட்டினார்.

கணக்காய்வுப் பாடத்தில் ஆரம்பத்திலேயே இதைத்தான் படித்தோம். புத்தகத்தில் 400 மூடை என்று எழுதியிருந்தால் களஞ்சியத்துக்குப் போய் மூடையை எண்ணு. அந்தக் கேள்விக்கு நான் முழுப் புள்ளி எடுத்தவன். மட்காட்டின் ஓரத்திலிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, பழைய ரயருக்கும் நூலுக்கும் இடையில் எவ்வளவு இடம் என்று பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அக்சில் எந்த வருடம் என்று தெரியாமலேயே தெரிந்திருக்கும்.

அந்த நாளில் இன்னொரு பழைய புதிரும் அவிழ்ந்தது. ஸ்லாலத்தில் இடம் வலமாக வேகமாகத் திருப்பிய பிறகு முதல் தடவை பிறேக் மிதித்தால் மிதி ஆழமாகப் போகும், இரண்டாம் தரம் சரியாகும் என்று அண்ணா ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறேக் எண்ணெய் இரண்டு தரம் மாற்றியும் பலனில்லை. சில்லு இல்லாமல் நின்ற றோட்டரைப் பிடித்து உள்ளும் வெளியும் இழுத்தபோது டக் டக் என்று அசைந்தது. இந்த அக்சிலில் தண்டுகளை வெளியே வராமல் பிடித்திருப்பது டிஃபரன்ஷலுக்குள் இருக்கும் சி வடிவக் கிளிப்தான். கொஞ்ச அசைவு எப்போதும் இருக்கும். இதில் தேய்மானத்தால் கூட இருக்கிறது. வளைவில் தண்டு நகர, றோட்டர் பிறேக் கட்டைகளைத் தள்ளிவிடுகிறது. பிறகு மிதிக்கும்போது முதல் மிதி அந்த இடைவெளியை நிரப்பவே போய்விடுகிறது. கழற்றிச் சரிபார்க்கும்வரை, வளைவு முடிந்ததும் இடது காலால் பிறேக்கை மெல்ல ஒருதரம் தொட்டுவிட்டுப் பிறகு அழுத்துவதாக அண்ணா முடிவெடுத்திருக்கிறார். டிஃபரன்ஷல் எண்ணெயும் மாற்றினோம். மெதுவாகத் திரும்பும்போது வரும் கடகடச் சத்தம் உராய்வைக் குறைக்கும் திரவம் ஒரு போத்தல், 118 மி.லீ., சேர்த்ததும் நின்றுவிட்டது. ஒன்றாவது சுலபமாக முடிந்ததே.

பழைய 8 அங்குலச் சில்லுகள் நான்கும் மறுபடி காருக்குப் போயின. பின்னால் மட்டும் ஒடுக்கமானதைப் போடலாமா என்று கேட்டேன். முன்னால் 275, பின்னால் 245 என்றால் வி8 கார் ஒவ்வொரு வளைவிலும் வாலைச் சுழற்றும் என்றார். வலது பின் ரயர் குப்பைக்கு. இடது பின் ரயரிலும் காயம் இருந்தது, அதையும் எறிந்தோம். முன் ரயர்கள் இரண்டும் சில்லுகளோடு கராஜில் இருக்கின்றன. போனது போன காசு, அதைப் பார்த்து அடுத்த முடிவை எடுக்கக்கூடாது என்று வகுப்பில் படித்ததை அண்ணாவுக்குச் சொல்லப்போனேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். அடுத்தவர் காசு என்றால் அந்தப் பாடம் மிகச் சுலபமாக விளங்குகிறது. இரண்டு ரயரின் 600 டொலரை என் வேலைச் சம்பளத்தில் மூன்று தவணையாகக் கொடுக்கிறேன். முதலாவதை அவர் வாங்க மறுத்தார். பெரியம்மாவிடம் கொடுத்தேன். அவ கேள்வியே கேட்காமல் வாங்கிவைத்தா.

ஜூன் போட்டியில் பழைய சில்லோடு ஓடினார். உரசல் இல்லை, புதுப் புஷ்ஷால் பின்பக்கம் முன்னைவிட அமைதி. இரண்டு கோன் விழுந்தது, அது வேறு கதை.

போன கிழமை அண்ணாவிடமிருந்து செய்தி. யாரோ 9 அங்குலச் சில்லு இரண்டு விற்கிறார்களாம், ஓஃப்செட் 43. 24ஓடு 19ஐக் கூட்டினால் 43. அதாவது அகல அக்சிலிலும் சில்லு நாங்கள் முதலில் நினைத்த அதே இடத்தில் நிற்கும். கீழே ஒரு வரி: "கணக்குச் சரியோ?"

கணக்குச் சரி. ஆனால் அகல அக்சிலில் உள்பக்கம் சொக் அப்சோபருக்கும் ரயருக்கும் இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று யாரும் இன்னும் அளக்கவில்லை. "சனிக்கிழமை வாறன், காரை வெளியே எடுத்து வையுங்கோ" என்று பதில் அனுப்பிவிட்டு, அம்மாவின் தையல் பெட்டியில் நூல் தேடிக்கொண்டிருக்கிறேன்.